ஆனோடு, கேத்தோடு, அயனி: மூன்று சொற்களின் பிறப்பு

மின்வேதியியலைக் கற்கத் தொடங்கும் மாணவன் முதலில் மனப்பாடம் செய்வது இரண்டு பெயர்களை. ஆனோடு என்பது நேர்மின்வாய், கேத்தோடு என்பது எதிர்மின்வாய் என்று ஆசிரியர் சொல்ல, அவனும் அப்படியே எழுதிவைத்துக்கொள்கிறான். மின்சாரத்தால் நீரைப் பகுக்கும் பாடம் முடிகிறவரையில் அந்த மனப்பாடம் அவனைக் கைவிடுவதில்லை. அடுத்தபடியாக மின்கலத்தைப் பற்றிய பாடம் வருகிறது. துத்தநாகத் தகடுதான் இங்கே ஆனோடு என்றும், அத்தகடே கலத்தின் எதிர்முனை என்றும் புத்தகம் கூறக் கண்டு அவன் திகைக்கிறான். நேர் என்று படித்தது எதிராக எப்போது மாறிற்று என்று அவனுக்கு விளங்குவதில்லை. இந்தத் திகைப்புக்குக் காரணம் அவனுடைய புத்திக் குறைவன்று. அச்சொற்கள் எதைக் குறிக்கப் பிறந்தன என்பதை எவரும் அவனுக்குச் சொல்லாததே. ஆனோடு என்ற சொல்லில் நேர் என்னும் கருத்தோ, கேத்தோடு என்ற சொல்லில் எதிர் என்னும் கருத்தோ அணுவளவும் இல்லை. மின்சாரத்தின் இயல்பைப் பற்றிய எந்த ஊகமும் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடலாகாது என்ற உறுதியோடு, 1834-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இரண்டு அறிஞர்கள் கடித வாயிலாக ஆலோசித்து ஆக்கிய சொற்கள் அவை.

அந்த ஆலோசனை ஏன் வேண்டியிருந்தது என்பதை அறிய, அதற்கு முப்பத்துநான்கு ஆண்டுகள் முந்திச் செல்ல வேண்டும். இத்தாலியராகிய அலெசாந்திரோ வோல்ட்டா, துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் உப்புநீரில் நனைத்த அட்டையையும் மாற்றி மாற்றி அடுக்கினால் அந்த அடுக்கிலிருந்து இடையறாது மின்சாரம் பெருகும் என்பதைக் கண்டு, 1800-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே நிக்கல்சன், கார்லைல் என்ற இரு ஆங்கிலேயர் அத்தகைய அடுக்கைக் கொண்டு நீரைப் பகுத்து, ஒரு கம்பியில் ஹைட்ரஜனும் மற்றொரு கம்பியில் ஆக்சிஜனும் வெளிவரக் காட்டினர். 1807-இல் ஹம்ப்ரி டேவி பொட்டாசியத்தையும் சோடியத்தையும் இதே முறையில் பிரித்தெடுத்தார். இவ்வளவு வேகமாக வளர்ந்த துறைக்கு உரிய சொற்கள் மட்டும் வளரவில்லை. திரவத்துக்குள் மூழ்கியிருக்கும் இரண்டு உலோக முனைகளுக்கும், காந்தத்தைப் பற்றிப் பேசிப் பழகிய அக்காலத்தார், துருவங்கள் என்றே பெயரிட்டு வழங்கிவந்தனர். காந்தத்தின் துருவம் இரும்பைத் தன்பால் இழுப்பது எல்லோரும் அறிந்ததாகையால், மின்சாரத் துருவமும் ஒரு பொருளைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது, அந்த இழுப்பினால்தான் நீர் பிளவுபடுகிறது என்ற எண்ணம் அந்தப் பெயரோடு கூடவே மனத்தில் குடிபுகுந்தது. பெயர் ஒரு சித்தாந்தத்தைச் சுமந்து வந்தது. அந்தச் சித்தாந்தத்தைப் பரீட்சை செய்து பார்க்க வேண்டுமென்ற எண்ணமே எழாதவாறு அது செய்துவிட்டது.

அதைப் பரீட்சை செய்தவர் மைக்கேல் ஃபாரடே. கருமான் ஒருவரின் மகனாக 1791-இல் பிறந்து, பதினான்காம் வயதில் ரீபோ என்பவரின் புத்தகக் கட்டடக் கடையில் தொழில் பழகச் சேர்ந்து, கட்டடத்துக்கு வந்த புத்தகங்களையே படித்துத் தம் கல்வியைத் தேடிக்கொண்டவர் அவர். டேவியின் சொற்பொழிவுகளை 1812-இல் கேட்டுக் குறிப்பெடுத்து, அக்குறிப்புகளைத் தாமே அழகாகக் கட்டி அவருக்கு அனுப்பி, மறு ஆண்டில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளராக அமர்ந்தார். கணிதம் பயிலாதவர், கிரேக்கமும் லத்தீனும் அறியாதவர். ஆயினும் தம் கைகளும் கண்களும் காட்டியதற்கு மேல் ஒரு சொல்லையும் கூட்டிச் சொல்லக் கூசிய மனம் அவருடையது. அம்மனத்துக்குத் துருவம் என்ற சொல் உறுத்தலாக இருந்தது.

1833-இல் அவர் செய்த பரிசோதனைகளுள் ஒன்று நம் நாட்டு வாசகருக்குத் தனிப்பட்ட மகிழ்ச்சியைத் தரக்கூடியது. லிட்மஸ் சாயம் ஏற்றிய காகிதத் துண்டு ஒன்றையும், மஞ்சள் ஏற்றிய காகிதத் துண்டு ஒன்றையும் சோடியம் சல்பேட்டுக் கரைசலில் நனைத்து, ஒன்றையொன்று தொடுமாறு கண்ணாடியின்மேல் வைத்தார். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பதை ஆரத்தி கரைத்த எந்த வீட்டுப் பெண்ணும் அறிவாள். காரம் தோன்றுவதைக் கண்டுகொள்ள ஐரோப்பிய ரசாயன சாலைகளும் நெடுங்காலம் நம் மஞ்சளையே நம்பியிருந்தன. ஃபாரடே செய்த புதுமை என்னவென்றால், அக்காகிதங்களை எந்த உலோகமும் தொடவிடாமல், மின்பொறியோடு இணைத்த இரண்டு கூரிய முனைகளைக் காகிதங்களின் ஓரங்களுக்கு எதிரே, இடையில் காற்று வெளி விட்டு, நிறுத்தியதுதான். பொறியைச் சுழற்றியதும் ஒரு பக்கத்தில் லிட்மஸ் சிவந்து அமிலத்தைக் காட்டிற்று. மறுபக்கத்தில் மஞ்சள் சிவந்து காரத்தைக் காட்டிற்று. இழுப்பதாகச் சொல்லப்பட்ட துருவம் அங்கே இல்லை, இருந்தது வெறுங்காற்று. ஆயினும் உப்பு பிரிந்தது.

மற்றொரு பரிசோதனையில், மக்னீசியம் சல்பேட்டுக் கரைசலின்மேல் தூய நீரைக் கலந்துவிடாமல் மெல்ல நிறுத்தி, மேலுள்ள நீரில் ஒரு தகட்டையும் கீழுள்ள கரைசலில் மற்றொரு தகட்டையும் வைத்து மின்சாரத்தைச் செலுத்தினார். துருவம்தான் இழுக்கிறதென்றால் மக்னீசியா தகட்டின்மேல் அல்லவா போய்ப் படிய வேண்டும்? அது நீரும் கரைசலும் சந்திக்கும் எல்லையிலேயே வெண்மையாகத் திரண்டு நின்றுவிட்டது. பிரிக்கும் சக்தி உலோக முனைகளில் உட்கார்ந்திருக்கவில்லை, மின்சாரம் ஊடுருவிச் செல்லும் திரவத்தின் ஒவ்வொரு துகளிலும் அது செயற்படுகிறது என்ற முடிவுக்கு அவர் இவ்வாறுதான் வந்தார். அப்படியானால் உலோக முனைகள் யாவை? மின்சாரம் திரவத்துக்குள் நுழைவதற்கும் அதிலிருந்து வெளியேறுவதற்கும் உரிய வாயில்கள், அவ்வளவே. வாயில் என்ற இந்த உவமையை அவரே தம் கட்டுரையில் எழுதியிருக்கிறார்.

வாயிலைத் துருவமென்று அழைத்துக்கொண்டிருப்பது அவருக்குப் பொருந்தவில்லை. புதுச் சொல் வேண்டியிருந்தது. சொல்லாக்கத்துக்கு வேண்டிய கிரேக்கமோ அவரிடம் இல்லை. முதலில் தம் மருத்துவரும் நண்பருமாகிய விட்லாக் நிக்காலை நாடினார். எலக்ட்ரோடு, எலக்ட்ரோலைட் என்ற சொற்கள் அந்த நட்பின் துணையால் உருவாயின. எலெக்ட்ரான் என்பது கிரேக்கத்தில் அம்பருக்குப் பெயர்; தேய்த்த அம்பர் துரும்பை ஈர்ப்பதிலிருந்து மின்சாரத்துக்கே அப்பெயர் அடியாயிற்று. ஹொடோஸ் என்றால் வழி. ஆகவே எலக்ட்ரோடு என்பது மின்சாரம் செல்லும் வழி. லூயெய்ன் என்றால் அவிழ்த்தல். மின்சாரத்தால் அவிழ்க்கப்படுவது எலக்ட்ரோலைட். இவ்வளவும் நன்றாக அமைந்தன. ஆனால் இரண்டு வாயில்களையும் ஒன்றினின்று ஒன்று வேறுபடுத்திக் காட்டும் பெயர்கள்தாம் அமையவில்லை. உட்செல்லும் வழி, வெளிச்செல்லும் வழி என்று பொருள்படும் ஐசோடு, எக்சோடு என்ற இரண்டை அவர் எண்ணிப் பார்த்தார். மின்சாரம் உண்மையாகவே ஒரு திசையில் ஓடும் பொருள்தானா, அல்லது இரு திசைகளிலும் ஓடும் இரண்டு பொருள்களா, பொருளே அல்லாத வேறொன்றா என்பது எவருக்கும் தெரியாதிருந்த காலம் அது. உள்ளே, வெளியே என்று பெயரிடுவதும் ஓர் ஊகத்துக்கு உடன்பட்டதாகிவிடுமே என்ற அச்சம் அவரை விடவில்லை.

1834 ஏப்ரல் 24 அன்று அவர் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரியிலிருந்த வில்லியம் ஹியூவெலுக்கு எழுதினார். ஹியூவெல் லங்காஸ்டர் நகரத்துத் தச்சர் ஒருவரின் மகன்; ஃபாரடேயைவிட மூன்று ஆண்டு இளையவர். கருமான் மகனும் தச்சன் மகனும் கூடித்தான் இத்துறைக்கு நாமகரணம் செய்தார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு உள்ளம் நெகிழ்கிறது. ஹியூவெல் வாய்க்கப்பெற்ற கல்வியோ ஃபாரடேக்குக் கிட்டாத கல்வி. கணிதம், கனிமவியல், கடல் ஏற்றவற்றம், தத்துவம், கிரேக்கம் ஆகிய எல்லாவற்றிலும் வல்லவர். விஞ்ஞானியைக் குறிக்கும் சயின்டிஸ்ட் என்ற ஆங்கிலச் சொல்லே அவர் ஆக்கியது. அது அச்சில் வந்ததும் இதே 1834-ஆம் ஆண்டில்தான். புவியியலார் வழங்கும் இயோசீன், மயோசீன், பிளியோசீன் என்ற காலப்பெயர்களை அமைக்க லயலுக்குத் துணைநின்றவரும் அவரே.

ஃபாரடே அவருக்கு எடுத்துரைத்த யோசனை மிகவும் அழகானது. ஊகத்தைச் சாராத ஒரு திசையை எங்கே தேடுவது? பூமியையே கேட்கலாம் என்றார் அவர். பூமியின் காந்தத்தன்மைக்கு, அதைச் சுற்றிச் செல்லும் மின்னோட்டங்கள் காரணம் என்று கொண்டால், ஆம்பியரின் விதிப்படி அவ்வோட்டங்கள் கிழக்கிலிருந்து மேற்காக, சூரியன் செல்வதுபோல் தோன்றும் திசையிலேயே, செல்ல வேண்டும். அது உண்மையோ அன்றோ, ஞாபகத்தில் இருத்திக்கொள்ள ஓர் அளவுகோலாக அது போதும். பகுக்கப்படும் திரவத்தை, அதன் ஊடே செல்லும் மின்னோட்டமும் கிழக்கிலிருந்து மேற்கே செல்லுமாறு வைப்பதாகப் பாவித்துக்கொள்வோம். அப்போது ஒரு வாயில் சூரியன் எழும் திசையில் நிற்கும். மற்றது சூரியன் விழும் திசையில் நிற்கும். மின்சாரத்தைப் பற்றிய கொள்கைகள் நாளை எப்படி மாறினாலும் சூரியன் உதிக்கும் பக்கம் மாறப்போவதில்லை.

மறுநாளே ஹியூவெல் பதில் எழுதினார். கிழக்கு, மேற்கு என்பவற்றை நேராகக் குறிக்கும் பெயர்களும், வோல்ட்டா, கால்வானி ஆகியோரின் பெயரைத் தழுவியவையும் ஆலோசனையில் அடிபட்டன. அவற்றையெல்லாம் விலக்கி அவர் வற்புறுத்தியவை ஆனோடு, கேத்தோடு என்ற இரண்டு. ஆனோ என்பது மேல். கதா என்பது கீழ். சூரியன் ஏறும் வழி ஆனோடு; இறங்கும் வழி கேத்தோடு. ஏற்றம், இறக்கம் என்ற பொருளில் இவை பழைய கிரேக்கத்திலேயே வழங்கிய சொற்கள்; ஒட்டவைத்த செயற்கைச் சொற்கள் அல்ல. ஒன்று மற்றதன் மறுதலை என்பது காதில் விழுந்தவுடனே புலப்படுவதும் அவற்றின் சிறப்பு. லண்டனில் ஃபாரடேயின் நண்பர்களிடையே இச்சொற்களுக்குக் கடுமையான எதிர்ப்பு எழுந்ததாகவும், எல்லோரையும் திருப்திசெய்யப் போய்த் தந்தையும் மகனும் கழுதையும் பட்ட பாட்டைத் தாம் பட்டதாகவும், ஹியூவெலின் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அவ்வெதிர்ப்பு கரைந்துபோனதாகவும் மே மாதம் அவர் எழுதிய கடிதத்திலிருந்து அறிகிறோம். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டிருந்த கட்டுரை அச்சேறியபோது, முன்பு கூறிய சில சொற்களை மாற்றியிருப்பதாகவும், எளிமையும் தெளிவும் உடையனவாய் ஊகத்தின் கலப்பற்றனவாய் உள்ள சொற்களையே விரும்பியதாகவும் ஒரு குறிப்பை அவர் சேர்த்தார். மின்வேதியியலின் அகராதி முழுவதையும் அந்தச் சிறு குறிப்பின் ஒளியில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் துணிபு.

மூன்றாவது சொல்லின் கதை இன்னும் சுவையானது. மின்சாரம் செல்லும்போது திரவத்தினுள்ளே இரண்டு பக்கமும் பிரிந்து செல்லும் பொருள்களுக்கும் பெயர் வேண்டியிருந்தது. மே 5 தேதியிட்ட கடிதத்தில் ஹியூவெல், மேலே செல்வது என்று பொருள்படும் ஆனயான், கீழே செல்வது என்று பொருள்படும் கேட்டயான் என்ற இரண்டையும் கூறி, இரண்டுக்கும் பொதுவாக அயான் என்று சொல்லலாமென்றார். செல்வது என்பதே அதன் பொருள். போதல் என்ற வினையின் நிகழ்கால எச்சம் அது. ஃபாரடே நன்றியோடு ஏற்றுக்கொண்டார். ஆனால் கடைசிச் சொல்லைத் தாம் அதிகமாகப் பயன்படுத்த நேராது என்று பதில் எழுதினார்! அரைநூற்றாண்டு கழித்து, 1884-இல், ஸ்வீடன் நாட்டு இளைஞர் ஸ்வாந்தே அர்ரீனியஸ், உப்பு நீரில் கரைந்த மாத்திரத்தில், மின்சாரம் செல்வதற்கு முன்பே, அது அயான்களாகப் பிரிந்துவிடுகிறது என்ற கருத்துக்கு அடிகோலினார். அவருடைய ஆசிரியர்கள் அதை மதிக்கவில்லை. 1903-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. இன்று நரம்பின் துடிப்பிலிருந்து விண்வெளியின் மின்னேற்ற மண்டலம்வரை அச்சொல் இல்லாமல் ஒரு வாக்கியமும் எழுத இயலாது.

இந்தச் சொல் தமிழுக்கு வரும்போது ஓர் அரிய சேர்க்கை நேர்ந்திருக்கிறது. கிரேக்கமும் லத்தீனும் சமஸ்கிருதமும் ஒரே மூலத்தினின்று கிளைத்தவை என்று 1786-இல் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் கூறியது பிரசித்தம். போதலைக் குறிக்கும் கிரேக்க வினையின் வேரும், ஏதி, அதாவது செல்கிறான், என்ற சமஸ்கிருத வினையின் வேரும் ஒன்றே. அந்த வேரிலிருந்து பிறந்ததே அயனம். உத்தராயணம் என்றும் தட்சிணாயனம் என்றும் தை முதலும் ஆடி முதலும் பஞ்சாங்கத்தில் நாம் காண்பது சூரியனின் செலவு. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் வழங்கும் அயனி என்ற சொல் ஒலி ஒப்புமையைக் கருதியே வந்திருக்கலாம். எனினும் வேரை ஆராய்பவருக்கு அயனியும் அயனமும் உடன்பிறந்தவை. சூரியனின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வைத்து ஃபாரடே அமைத்த சொற்குடும்பத்தில், சூரியனின் செலவைக் குறிக்கும் நம் பஞ்சாங்கச் சொல்லும் இரத்த உறவினதாக வந்து நிற்கிறது.

சொற்களை ஊகத்திலிருந்து விலக்கிவைத்த அந்த விவேகத்தின் பயன் பிற்காலத்தில் வெளியாயிற்று. ஜே. ஜே. தாம்சன் 1897-இல் எலக்ட்ரானைக் கண்டபின், உலோகக் கம்பியில் உண்மையாக நகர்வது எதிர் மின்னூட்டமுடைய துகள் என்பதும், நெடுங்காலமாக மின்னோட்டத்தின் திசையென்று எழுதிவந்ததற்கு நேர்மாறாக அது செல்கிறது என்பதும் தெளிவாயின. ஆனோடும் கேத்தோடும் அசையவில்லை. 1876-இல் கோல்ட்ஸ்டைன் இட்ட கேத்தோடுக் கதிர் என்ற பெயரும் நிலைத்தது. வெற்றிடக் குழாய்களின் காலத்தில், 1919-இல், எக்கிள்ஸ் என்ற ஆங்கிலேயர் டையோடு என்ற சொல்லை ஆக்கினார். இரண்டு வழி என்பது பொருள். இன்று வீடுதோறும் எரியும் எல்.இ.டி. விளக்கின் கடைசி எழுத்து அந்த டையோடுதான். ஹொடோஸ் என்ற பழைய கிரேக்க வழி அதில் இன்னும் இருக்கிறது.

தமிழில் சாஸ்திரச் சொற்களை ஆக்கும் முயற்சி பழையது. யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிறீனின் முயற்சியால் 1875-இல் கெமிஸ்தம் என்ற நூல் வெளிவந்தது; 1916-இல் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சாஸ்திரச் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் கண்டனர். இத்தகைய முயற்சிகள் வகுத்த மரபில் வந்த மின்வாய் என்ற சொல்லை நான் மிகவும் போற்றுகிறேன். வாய் என்பது தமிழில் வாயிலையும் வழியையும் ஒருங்கே குறிக்கும்; ஃபாரடே எழுதிய வாயிலும் ஹொடோஸ் என்ற வழியும் ஒரே அசையில் அடங்கிவிட்டன. குறை நேர்ந்தது அடுத்த படியில். நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று அடைமொழி சேர்த்தபோது, ஹியூவெலும் ஃபாரடேயும் பாடுபட்டு விலக்கிய குறியைத் திரும்பவும் உள்ளே அழைத்துக்கொண்டோம். இலங்கைப் பாடநூல்கள் அனோட்டு, கதோட்டு என்று ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டதனால் இவ்விடரிலிருந்து தப்பின. வேரூன்றிவிட்ட சொற்களைப் பிடுங்கியெறிய வேண்டுமென்று நான் சொல்லவில்லை. மின்னோட்டம் திரவத்துக்குள் புகும் வாய் ஆனோடு, அங்கே நடப்பது எப்போதும் ஆக்சிஜனேற்றம். மின்னோட்டம் திரவத்தை விட்டு நீங்கும் வாய் கேத்தோடு, அங்கே நடப்பது எப்போதும் ஒடுக்கம் என்பதை முதற்பாடத்திலேயே கூறி, நேர், எதிர் என்ற குறிகள் கலத்துக்குக் கலம் மாறும் என்பதையும் உடன் கூறினால் போதும்.

அதே சமயம், அயனிகளின்மேல் நாம் வைத்த நேர், எதிர் என்ற அடைகள் குற்றமற்றவை. மின்னூட்டம் அயனிக்கே உரியது. அது எந்தக் கலத்தில் இருந்தாலும் மாறாது. இந்த வேற்றுமையைக் கண்ணால் காட்ட, ஃபாரடேயின் நண்பரும் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியருமாகிய டானியல் 1836-இல் அமைத்த கலத்தைவிடச் சிறந்த சாதனம் இல்லை. துத்தநாக சல்பேட்டில் துத்தநாகத் தகடு, தாமிர சல்பேட்டில் தாமிரத் தகடு, இரண்டு கரைசல்களும் கலந்துவிடாதவாறு இடையே நுண்துளையுள்ள ஒரு தடுப்பு. இரண்டு தகடுகளையும் வெளியே கம்பியால் இணைத்துவிட்டால், துத்தநாகம் கரைந்து கரைசலுக்குள் செல்கிறது. ஆகவே எதிர்முனையாகிய அதுவே ஆனோடு. தாமிர அயனிகள் தாமிரத் தகட்டை அடைந்து உலோகமாகப் படிகின்றன. ஆகவே நேர்முனையாகிய அதுவே கேத்தோடு. நேர் மின்னூட்டமுடைய அயனி நேர்முனையைத் தேடிச் செல்வதை மாணவன் இங்கே தன் கண்ணாலேயே காணலாம். துருவம் இழுக்கிறது என்ற பழைய எண்ணத்தை மனத்தில் கொண்டவனுக்கு இது நடக்கவே கூடாத காரியம். எங்கும் பரந்து கிடக்கும் ரசாயனச் சக்தியே அயனிகளைச் செலுத்துகிறது, தகடு அவை வந்து சேரும் வாயில் மாத்திரமே என்று மஞ்சள் தோய்த்த காகிதத்தைக் கொண்டு ஃபாரடே உணர்ந்ததை அறிந்தவனுக்கோ, நாள்தோறும் கனத்துவரும் அந்தத் தாமிரத் தகட்டில் வியப்பதற்கு எதுவும் இல்லை.